இரண்டாவது டீ

எனக்கு கேஸ் என்றாலே பயம். சமைத்து முடித்ததும் ரெகுலேட்டரை அணைப்பேன். செருப்பு மாட்டிய பிறகு மறுபடி உள்ளே போய், அணைத்ததைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன். ஐயப்பன்தாங்கல் டிப்போவில் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் மறுபடி சந்தேகம் வந்துவிடும், வீட்டுக்கு போன் போடுவேன். "அணைச்சாச்சு தாயே. வேணும்னா இன்னொரு வாட்டி திறந்து அணைக்கிறேன்," என்பார் என் கணவர். நான் பிறந்து வளர்ந்தது சாத்தூர் பக்கம். அங்கே தூரத்தில் சத்தம் கேட்டால் என்ன சத்தம் என்று யாரும் கேட்பதில்லை, எந்தப் பட்டாசு ஆலை என்றுதான் கேட்பார்கள். அந்தப் பயத்தை மூட்டை கட்டிக்கொண்டு சென்னைக்கு வந்தவளுக்குக் கிடைத்த வேலை, சாண எரிவாயு. என் தலையெழுத்தைப் பாருங்கள்.

எங்கள் நிறுவனம் சின்னது. ஊர்ப்புறங்களில் சாணத்தையும் காய்கறிக் கழிவையும் போட்டு எரிவாயு எடுக்கும் தொட்டிகளைக் கட்டிக் கொடுப்போம். ஆபீசில் ஆறு பேர், அதில் பெண் நான் ஒருத்தி. பாலினச் சமத்துவப் பொறுப்பாளர் என்று ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று நிதி கொடுப்பவர்கள் கடிதம் எழுதியபோது, மேலாளர் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பார்வை என்மேல் வந்து நின்றது. தேர்வு முடிந்தது. அந்தப் பொறுப்பில் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனாலும் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன். விசிட்டிங் கார்டை போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினேன்.

ஆவடி தாண்டி, முத்தாபுதுப்பேட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு தெரு. அங்கிருந்தவர்கள் ஒரு காலத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். நிலமெல்லாம் மனையாகிவிட்டது. ஆண்கள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட்டுக்குப் போகிறார்கள். மாடுகள் மட்டும் போக இடமில்லாமல் அங்கேயே நிற்கின்றன. பெண்கள் பத்துப் பேர் மகளிர் குழுவாகச் சேர்ந்து, ஒரு தகர ஷெட்டில் சமைத்து, கம்பெனிகளுக்கு மதியச் சாப்பாடு அனுப்பினார்கள். அந்த அடுப்புக்குத்தான் எங்கள் எரிவாயு. தரைக்குக் கீழே பெரிய தொட்டி. ஒரு பக்கம் சாணத்தைக் கரைத்து ஊற்றுகிற வாய். மறுபக்கம், வாயு பிரிந்த கழிவு வந்து விழுகிற இன்னொரு குழி. ஆள் உயரத்துக்கு மேல் ஆழம், மேலே சிமெண்ட் பலகை மூடி. முகப்பில் ஒரு போர்டு: 'மகளிரால், மகளிருக்காக.' வாசகம் நான் எழுதியது.

குழுவின் தலைவிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். எல்லோரும் அவளைத் தலைவி என்றே கூப்பிடுவார்கள், அவள் கணவர் உட்பட. சத்தமாகப் பேசுவாள், அதைவிடச் சத்தமாகச் சிரிப்பாள். என் பயத்தை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள். அவள் அடுப்பைப் பற்ற வைக்கும்போது நான் நாலடி பின்னால் போய் நின்றேன்.

"இன்னா மேடம், கேஸு கம்பெனிலேர்ந்து வந்துட்டு கேஸுக்கே பயந்துகினு கீறீங்கோ? சாணி மேடம் இது. வாசல்ல தெளிக்கிறது. சாணி இன்னா பண்ணும்?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்தத் தெருவில் யாரும் மலக்குழியில் இறங்க மாட்டார்கள். அதில் ஆள் செத்த கதைகள் பேப்பரில் வருகின்றன, படித்திருக்கிறார்கள். சாணம் அப்படியா? வாசலைச் சுத்தம் பண்ணுவது அதுதான். மார்கழியில் கோலத்துக்கு நடுவே பூசணிப்பூ செருகுவது அதன் மேல்தான். அதற்குப் போய் பயப்படுவதாவது. எனக்கும் அது சரி என்றே பட்டது. என் பயமெல்லாம் நெருப்பைப் பற்றியதுதான்.

தொட்டியை இயக்குகிறவர்கள் பெண்களாக இருக்க வேண்டும், பயிற்சியும் அவர்களுக்கே தர வேண்டும் என்பது திட்டத்தின் நிபந்தனை. கோயம்புத்தூரிலிருந்து பயிற்சியாளர் ஒருவர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, தெருமுனைச் சமுதாயக் கூடத்தில் பத்துப் பெண்களும் வரிசையாக வந்து கையெழுத்துப் போட்டார்கள். பெயர், கையெழுத்து, போன் நம்பர். அன்றைக்கு லீவு என்பதால் ஆண்களும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். நாற்காலிகள் கொஞ்சம்தான். ஆண்கள் உள்ளே வர வர பெண்கள் எழுந்து போய்ச் சுவரோரம் தரையில் உட்கார்ந்தார்கள். யாரும் யாரையும் எழுப்பவில்லை, இதைச் சொல்லியாக வேண்டும். பயிற்சியாளர் "எல்லாரும் வந்துட்டீங்களா?" என்று நாற்காலிகளைப் பார்த்துக் கேட்டார்.

சுவரோரத்திலிருந்தும் அவர்களை எழுப்பியவள் நான்.

மேலாளர் ஒரு போட்டோ கேட்டிருந்தார். பெண்கள், புது அடுப்பு, நீலச் சுடர், சிரிப்பு. "வாங்க, எல்லாருக்கும் ஒரு டீ போட்டுட்டு ஓடி வந்திரலாம்," என்று பத்துப் பேரையும் ஷெட்டுக்குக் கிளப்பிக்கொண்டு போனேன். டீ போட்டார்கள், நான் படம் எடுத்தேன். எடுத்துப் பார்த்தால், இந்த வாயுவின் சுடர் வெயிலில் கண்ணுக்கே தெரியவில்லை. அணைந்த அடுப்பின் மேல் பாத்திரத்தை வைத்துக்கொண்டு பத்துப் பேர் பல்லைக் காட்டுகிற மாதிரி இருந்தது. ஜன்னலில் கோணிச்சாக்கைக் கட்டச் சொன்னேன். கதவைச் சாத்தி இருட்டாக்கி, இன்னொரு முறை பால் வாங்கி வந்து, இன்னொரு டீ போடச் சொன்னேன்.

"அங்க ட்ரெய்னிங் போய்கினு கீதே மேடம்," என்றாள் தலைவி.

"அஞ்சே நிமிஷம்," என்றேன்.

அதற்குள் என் போனில் சார்ஜ் இறங்கிவிட்டது. சார்ஜர் கூடத்தில் இருந்தது, எடுக்க ஓடினேன். பயிற்சியாளர் அப்போது கழிவுக் குழியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். குனிந்து பிளக்கைப் பிடுங்கியபடியே அதைக் கேட்டேன்.

"அழுகுன முட்டை நாத்தம் வந்தா சூதானமா இருக்கோணும். வந்துட்டிருந்த நாத்தம் டக்குனு நின்னுபோச்சுன்னா, கேஸ் போயிருச்சுன்னு நினைச்சுப்போடாதீங்க. மூக்கு செத்துப்போச்சுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் அங்க ஒரு நிமிசம் நிக்கப்படாது. அந்தக் குழிக்குள்ள எறங்கவே படாது. ஒருத்தர் விழுந்தா, தூக்கறதுக்குன்னு இன்னொருத்தர் எறங்கப்படாது."

மூக்கு செத்துப்போச்சு. அந்த வார்த்தை என்னவோ செய்தது. ஒரு நொடி நின்றேன். முன் வரிசையில் ஒருவர் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். சார்ஜரைச் சுருட்டிக்கொண்டு ஷெட்டுக்குத் திரும்பினேன். இரண்டாவது டீயில் சுடர் நன்றாக விழுந்தது. இன்றைக்கும் எங்கள் ஆபீஸ் சுவரில் அந்தப் படம் மாட்டியிருக்கிறது.

மறுநாள் படிவத்தில், பயிற்சி பெற்ற பெண்கள் என்ற கட்டத்தில் பத்து என்று எழுதினேன். கையெழுத்து பத்து இருந்ததே, அதில் பொய் என்ன? அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் அரித்துக்கொண்டுதான் இருந்தது. அடுத்த முறை போகும்போது பத்துப் பேரையும் உட்கார வைத்து அந்தக் குழி விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த முறை அவர்களுக்கு ஆர்டர் அதிகம், நிற்க நேரமில்லை. அதற்கடுத்த முறை எனக்கு நேரமில்லை. பயிற்சி எடுத்த ஆண்களோ ஒரே மாதத்தில் கழன்றுகொண்டார்கள். சாணம் கரைக்க ஒரு கை கொடுங்கள் என்று கேட்டால், "அது பொம்பளைங்க ப்ளாண்டு, போர்டே போட்டு கீதே," என்று என் வாசகத்தையே காட்டினார்கள்.

மழைக்காலம் முடிந்த சமயம். மாதாந்திரப் பார்வைக்காக முத்தாபுதுப்பேட்டைக்குக் கிளம்பியிருந்தேன். பூந்தமல்லியில் பஸ் மாறி, பருத்திப்பட்டு தாண்டும்போது மணி பதினொன்று இருக்கும். முன்னால் ஏதோ லாரி குறுக்கே நின்று, பஸ் நகரவில்லை. தலைவியிடமிருந்து போன் வந்தது.

"மேடம், எங்க கீறீங்கோ? வந்துகினு கீறீங்களா? இன்னிக்கு அடுப்பு சரியாவே எரியல மேடம். கழிவு போற கொழா அடச்சிக்கிச்சு."

"ஆள் அனுப்பவா?"

"ஆளு எதுக்கு மேடம்? நானும் ஓரகத்தியும் பலகைய தள்ளிட்டோம். பாதி ஏணில நின்னுகினு கொம்பால கலக்குனேன். யம்மா, இன்னா நாத்தம் தெரியுமா, அழுவுன முட்ட மாரி, கொடலே வெளிய வந்துட்ச்சு. இப்ப சுத்தமா நின்னுட்ச்சு மேடம், நாத்தமே இல்ல. உள்ள ஒரு கோணி மாட்டிக்கினு கீது. முழுசா எறங்கி அத்த இஸ்து போட்டுட்டு கூப்புடுறேன்."

"சரி, பாத்து," என்றேன்.

சரி, பாத்து. அதைத்தான் சொன்னேன். போனைத் துண்டித்துப் பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினேன். மூடின பிறகுதான் பயிற்சியாளரின் குரல் காதில் விழுந்தது. டக்குனு நின்னுபோச்சுன்னா.

ஜிப் திறக்க வரவில்லை. திறந்து, அவள் நம்பரைப் போட்டேன். மணி அடித்தது. அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டேன். அடித்து நின்றது.

அந்த ஓரகத்தியை, அவள் கணவரின் தம்பி மனைவியை, எனக்கு நன்றாகத் தெரியும். ஒல்லியான பெண், தலைவி சொன்னால் தட்டாமல் செய்வாள். தலைவி உள்ளே விழுந்தால் அவள் கத்திக்கொண்டே பின்னால் குதிப்பாள். கட்டாயம் குதிப்பாள். பேப்பரில் எப்போதும் ஒரு ஆளாக வருவதில்லை, இரண்டு, மூன்று என்றுதான் வரும்.

வருகைப் பதிவின் படம் என் போனில் இருந்தது. ஓரகத்தியின் பெயருக்கு நேரே இருந்த நம்பரைப் போட்டேன். ஒரு ஆண் குரல் எடுத்தது. பின்னால் மெஷின் ஓடும் சத்தம்.

"உங்க வீட்டம்மா கிட்ட குடுங்க, அவசரம்!"

"நான் அம்பத்தூர்ல ட்யூட்டில கீறேன். யாரு?"

சொன்னேன். அவளுடைய போன் நம்பரைக் கொடுங்கள் என்றேன்.

"அவளுக்கு ஏது மேடம் போனு? இதான் அவ நம்பரு."

அவரும் அன்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்தான். தலைவி குழிக்குள் இறங்குகிறாள், நாற்றம் நின்றுபோனதாம், யாராவது பக்கத்து வீட்டுக்கு போன் போட்டு நிறுத்தச் சொல்லுங்கள் என்று கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"நாத்தம் நின்னா நல்லதுதான மேடம்?" என்றார் அவர். "அன்னிக்கு ட்ரெய்னிங்ல கூட அந்த சார் அப்டித்தான சொன்னாரு? நாத்தம் போனா கேஸ் போய்ட்ச்சுன்னு."

அவர் சொன்னது அது இல்லை என்று கத்திவிட்டு லைனை வெட்டினேன். அடுத்த பெயர், அடுத்த நம்பர். ஒரு ஆண் குரல், கும்மிடிப்பூண்டியில் இருப்பதாகச் சொன்னது. அடுத்த நம்பர் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பத்துப் பெண்கள், பத்துக் கையெழுத்து, அதற்கு நேரே அவர்கள் வீட்டு ஆண்களின் போன் நம்பர்கள். நான் சரிபார்த்துக் கையெழுத்திட்ட பட்டியல். அதில் சொந்த நம்பர் எழுதியிருந்தது ஒரே ஒருத்தி. அவள் குழிக்குள் இருந்தாள்.

பஸ்ஸிலிருந்து குதித்து, லாரியைத் தாண்டி ஓடி, அந்தப் பக்கம் நின்ற ஆட்டோவில் ஏறினேன். இடத்தைச் சொல்வதற்குள் அழுகை வந்துவிட்டது. ஆட்டோக்காரர் பாதி கேட்டதும் கிளப்பிவிட்டார். "நீ அந்தாண்ட அடிச்சிகினே இரும்மா, உடாதே. நூத்தியெட்டுக்கு நான் அடிக்கிறேன்," என்றார். ஒரு கையில் ஹேண்டில், தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். எனக்கு நூற்றியெட்டு என்ற ஒன்று இருப்பதே அதுவரை தோன்றவில்லை.

அடித்துக்கொண்டே இருந்தேன். முழுதாக அடித்து நிற்கும், மறுபடி போடுவேன். ஒவ்வொரு முறை மணி நிற்கும்போதும் ஒரு ஆள் விழுந்த மாதிரி இருந்தது. எட்டாவதோ ஒன்பதாவதோ தடவைக்குப் பிறகு எண்ணுவதை விட்டேன். கடவுளே, அந்தப் போட்டோவை எடுக்காமல் இருந்திருக்கலாமே என்று வாய்விட்டுச் சொன்னேன். ஆட்டோக்காரர் இன்னா போட்டோ என்று கேட்டார். மறுபடி நம்பரைப் போட்டேன்.

ஆவடி செக்போஸ்ட் வந்தது. அங்கேதான் போன் எடுக்கப்பட்டது.

"இன்னா மேடம்," என்றாள் தலைவி. மூச்சு வாங்கியது, நாக்கு குழறியது. "உடாம அடிச்சிகினே கீறீங்கோ. இவ சாணிக் கையால போன தொட மாட்டேன்றா. ஏணி ஏறி வர்றதுக்குள்ள…" பிறகு ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது. போன் கீழே விழுந்தது. தூரத்தில் ஓரகத்தி "அக்கா, யக்கா" என்று கத்துவது கேட்டது.

"இறங்காதீங்க! யாரும் இறங்காதீங்க!" என்று நான் ஆட்டோவுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். போன் தரையில் கிடந்து அதை யாருக்குச் சொன்னதோ தெரியாது.

நான் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் எனக்கு முன்னால் வந்திருந்தது. தலைவி அதன் பின்படியில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க், கண்கள் ரத்தமாய்ச் சிவந்திருந்தன, இடுப்பு வரை சாணச்சேறு. ஓரகத்தி அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். இருவரும் உயிரோடு இருந்தார்கள். நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் உள்ளே நின்றிருந்தால் ஏணியே ஏறியிருக்க மாட்டாள் என்று ஆம்புலன்ஸில் வந்தவர் சொன்னார். ஏன் ஏறினாள்? மூச்சு முட்டியதால் இல்லை. நாற்றம் வந்ததால் இல்லை. போன் நிற்காமல் அடிக்கிறது, பாவம், மேடம் பஸ் கிடைக்காமல் எங்கேயோ நிற்கிறார் போல என்று நினைத்து ஏறியிருக்கிறாள்.

குழி வாய் திறந்தே கிடந்தது. பக்கத்தில் போகப் பயமாக இருந்தது. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தது. நான் மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. நாற்றம் இல்லையா, என் மூக்கு செத்துவிட்டதா என்று தெரியவில்லை. ஆட்டோக்காரர்தான் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னா நாத்தம்பா," என்று முகம் சுளித்தார். அதைக் கேட்டதும் எல்லோரையும் தெருமுனை வரைக்கும் துரத்தினேன். ஆம்புலன்ஸும் பின்னாலேயே நகர்ந்து வந்தது.

அங்கே வைத்து ஓரகத்தியிடமும், கூடியிருந்த மற்றப் பெண்களிடமும் சொன்னேன். நாற்றம் நின்றால் ஏன் ஓட வேண்டும், மூக்கு எப்படிச் செத்துப்போகும், ஒருத்தி விழுந்தால் இன்னொருத்தி ஏன் இறங்கக் கூடாது. பயிற்சியாளர் சொன்ன அதே வார்த்தைகள். ஒரு வார்த்தை கூட எனக்கு மறந்திருக்கவில்லை. சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம் ஆகவில்லை. பெண்கள் வாயில் கை வைத்துக்கொண்டு கேட்டார்கள். ஒருத்தி, "சாணியா?" என்று மட்டும் கேட்டாள்.

தலைவி படியில் சாய்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்க்கை ஒரு கையால் விலக்கினாள்.

"இது உனக்கு எப்பத்லேர்ந்து தெரியும்?"

அதுவரை அவள் என்னை நீங்கோ என்றுதான் சொல்லிவந்தாள்.

"பயிற்சி அன்னைக்கு," என்றேன். "அவர் சொல்லும்போது நான் கூடத்துக்குள்ள இருந்தேன்."

ஆம்புலன்ஸில் வந்தவர் பேச வேண்டாம் என்றார். அவள் கேட்கவில்லை.

"நெருப்பு தெரியலன்னு, ஜன்னலு மூடி, ரெண்டாந்தபா டீ போட வெச்சியே. அப்பவா?"

"ஆமா," என்றேன்.

அவள் மாஸ்க்கைத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.